மஸ்கட்டில் சீனி இல்லை என்று சொன்ன கதை

நஸீம் நானாவின் இனிப்புக் கடை இருக்கும் தெருவில் நான் இப்போது நடப்பதில்லை. கட்டுக்கலை வீட்டிலிருந்து, நான் வேலை செய்யும் கந்தோருக்கு இறங்க அதுதான் குறுக்குவழி. நான் சுற்றிப் போகிறேன். பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகிறது. யாராவது கேட்டால் டொக்டர் நடக்கச் சொன்னார் என்கிறேன். டொக்டர் நடக்கச் சொன்னது உண்மைதான். ஒளிந்து ஒளிந்து நடக்கச் சொல்லவில்லை.

வெட்கமாக இருக்கிறது. வயது ஐம்பத்து மூன்று. ஒரு லொறிக் கொம்பனியில் இருபத்தாறு வருடமாகக் கிளார்க். கோயில் திருவிழாக் கமிட்டியில் உபசெயலாளர். சேதுராமன் என்றால் நாலு பேர் கதிரை எடுத்துப் போடுவார்கள். அந்த சேதுராமன் ஒரு துண்டு மஸ்கட் இனிப்புக்காகப் பட்ட அவமானத்தை வீட்டில் சொல்லியாகிவிட்டது. உங்களிடமும் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

எல்லாம் ஓர் இரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. டொக்டர் கிருஷாந்தி யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவி நிரஞ்சனியைப் பார்த்துப் பேசினார். நோயாளி நான் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இவருக்குச் சீனி நல்லாக் கூடிப்போச்சு."

"எவ்வளவுங்க டொக்டர்?" என்றேன்.

கடதாசியைத் திருப்பிக் காட்டினார். அவ்வளவு பெரிய இலக்கத்தை நான் லொறிகளின் பின்பக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"மூண்டு மாசம் தாறன். மாத்திரையை ஒழுங்காப் போடோணும். வாயைக் கட்டோணும். குறையேல்லை எண்டா ஊசிதான். ஒவ்வொரு நாளும், நீங்களே உங்கட வயித்தில குத்தோணும்."

எனக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். கொரோனாத் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவருக்குக் குத்தியதைப் பார்த்தே கீழே விழுந்தவன் நான். கண் திறந்தபோது எனக்கும் குத்தி முடித்திருந்தார்கள். அதனால்தான் சான்றிதழ் கிடைத்தது. அப்படிப்பட்டவன் தினமும் தன் வயிற்றில் தானே குத்துவதா? மூன்று மாதத்தில் சீனியை இறக்கியே தீருவது என்று அந்தக் கதிரையிலேயே சபதம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நிரஞ்சனி சீனிப் போத்தலை எடுத்தாள். அலுமாரிக்குள் இருந்த கித்துள் கருப்பட்டியையும் எடுத்தாள். இரண்டையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"கருப்பட்டி எதுக்கு? அது நீ தேத்தண்ணியோட கடிக்கிறதாச்சே."

"நீங்க விடுறீங்க. நானும் விடுறேன்."

"எனக்குத்தானே சீனி வருத்தம்?"

"ஒரே வீட்டுல ஒருத்தர் திங்க, ஒருத்தர் வாயப் பாத்துக்கிட்டு இருக்கிறதா? ரெண்டு பேரும் விட்டுருவோம்."

கருப்பட்டித் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளாமல் அவள் தேத்தண்ணி குடித்து நான் பார்த்ததேயில்லை. அன்று சாயங்காலம் குடித்தாள். முதல் மடக்கில் முகம் லேசாகச் சுருங்கியது.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. ஆனால் நிரஞ்சனியின் அப்பா மடுல்கெல்லையில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கியவர். அந்த வீட்டில் கசந்தால்தான் அது மருந்து. கசக்காவிட்டால் தின்பண்டம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் கொயினா மருந்து, பொய் சொன்னாலும் கொயினா. அவள் தம்பி கணேஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறான். தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே, தேயிலை வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரன் கொயினாவுக்காக நட்டதாகச் சொல்லும் ஒரு சிங்கோனா மரம் நிற்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த மரத்தின் பட்டை ஒரு சொப்பிங் பையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"என்னா இது?"

"கொயினாப் பட்டை. அவிச்சு வச்சிருக்கேன். குடிங்க."

"எனக்கு மலேரியா இல்லியே."

"கசப்பு உள்ள போனா சீனி எறங்கித்தானே ஆகணும்?"

"வயிறு என்னா தராசா, ஒரு பக்கம் வச்சா மறுபக்கம் எறங்குறதுக்கு?"

"குடிங்க."

குடித்தேன். என் நாக்கு சுருண்டு தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. இடது கண் தானாக மூடிக்கொண்டது. திறக்க அரை மணி நேரம் பிடித்தது. அன்றைக்குத் தின்ற சோறு கசந்தது, குடித்த தண்ணீர் கசந்தது, கந்தோரில் முதலாளி கூப்பிட்ட என் பெயரே கசந்தது. மூன்றாம் நாள் காதுக்குள் மணி அடித்தது. பிள்ளையார் கோயில் பூசை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மணி நிற்கவேயில்லை. அது பூசை நேரமும் இல்லை. டொக்டரிடம் ஓடினோம்.

"இதை ஆர் குடிக்கச் சொன்னது?" என்றார் டொக்டர் கிருஷாந்தி.

நான் நிரஞ்சனிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவள் தலைக்கு மேலாக விரலை நீட்டினேன்.

"இது மலேரியாவுக்கு உள்ள சாமான். இந்த நாட்டில அந்த வருத்தமே இப்ப இல்லை. கண்டபடி அவிச்சுக் குடிச்சாக் காது போகும், இதயம் தடுமாறும். சீனி தடாரெண்டு விழுந்து ஆளும் விழுவார். பட்டையைத் தூக்கி எறியுங்கோ."

ஆகா, என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நாள் அதுதான். அந்த வெற்றி சுமார் நாற்பது விநாடி நீடித்தது.

"அப்ப இலைக்கஞ்சி குடுக்கலாமா டொக்டர்? பாவக்காச் சாறு, அந்த மாதிரி?"

"மாத்திரையை விடாமப் போட்டுக்கொண்டு இலைக்கஞ்சி குடிச்சாப் பரவாயில்லை. சீனியை அடிக்கடி பாத்துக்கொள்ளோணும், அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கு ஒரு கிளாஸ். ஒருநாள் பாகற்காய், ஒருநாள் வேப்பங்கொழுந்து, ஒருநாள் இரண்டும் கூட்டணி. நான் குடித்து முடிக்கும் வரை நிரஞ்சனி எதிரில் நிற்பாள். முடித்ததும் கிளாஸை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பாள். வாய் கொப்பளிக்கக் கூடாது, கொப்பளித்தால் குணம் போய்விடும். அந்த வாயோடுதான் நான் கந்தோருக்கு இறங்க வேண்டும். வழியில் நஸீம் நானாவின் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் மஸ்கட்.

மஸ்கட்டைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை, அந்த உரிமையை இழந்துவிட்டேன். சிவப்பாக, நெய் பளபளக்க, நடுவில் ஒரு முந்திரியோடு இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். முதல் நாள் கடையைத் தாண்டிப் போனேன். பத்தடி போய்த் திரும்பி வந்தேன். கசப்பைக் கழுவத்தானே, ஒரே ஒரு துண்டு. அதை மருந்தின் பகுதி என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாளும் கழுவினேன். மூன்றாம் நாள் நஸீம் நானா என்னைக் கண்டதுமே துண்டைக் கடதாசியில் வைத்துவிட்டார். துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கிள்ளிக் கிள்ளித் தின்றபடி நடப்பேன். கந்தோர்ப் படியேறும்போது சரியாக முடிந்துவிடும். மாத்திரையும் போடுகிறேன், கஞ்சியும் குடிக்கிறேன், மஸ்கட்டும் தின்கிறேன். எல்லாரையும் திருப்திப்படுத்தும் ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டில் ஒருத்தி வெறும் தேத்தண்ணியை முகம் சுளித்துக்கொண்டு குடிப்பது எனக்கு அந்தத் தெருவில் ஒருநாளும் ஞாபகம் வரவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் குத்துகிறது.

இரண்டாவது வாரம் முடியும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிரஞ்சனி உடுப்புத் துவைக்க உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, சட்டப் பையில என்னா எண்ணெ?"

"கந்தோர்ல கதவு கிரீச்சு கிரீச்சுன்னு கத்துச்சு. எண்ணெ விட்டேன்."

"கதவு சட்டப் பைக்குள்ளயா இருக்கு?"

"எண்ணெத் துணிய மறந்து பையில வச்சிட்டேன்."

பையை மூக்குக்கருகே கொண்டுபோனாள். "ம்," என்றாள். சவர்க்காரம் போட ஆரம்பித்தாள்.

கலியாணமாகி இருபத்தைந்து வருடமான ஒரு மனிதன் அந்த 'ம்' எதற்கு என்று யோசித்திருக்க வேண்டும். நான் தப்பித்தேன் என்று பத்திரிகையை விரித்தேன்.

மறுநாள் காலை கிளாஸோடு இரண்டு பச்சை இலையும் வந்தது.

"மொதல்ல இத நல்லா மெல்லுங்க. அப்புறம் கஞ்சி. கஞ்சியிலயும் அதே இலைதான்."

"புதுசா இருக்கே. பேரு என்னா?"

"பேரு தெரிஞ்சாத்தான் எறங்குமா?"

மென்றேன். கொயினாவுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு கசப்பா? சிரித்துக்கொண்டே கிளாஸைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். கால் மணி நேரத்தில் நஸீம் நானா கடை. துண்டை வாங்கி, தெருமுனை திரும்பி, ஒரு கிள்ளு வாயில் போட்டேன்.

மெழுகுவர்த்தி. நெய் வாசம் வருகிறது, முந்திரி பல்லில் படுகிறது, இனிப்பு மட்டும் இல்லை. இன்னொரு கிள்ளு போட்டேன். அதுவும் மெழுகுவர்த்தி. கந்தோரில் பத்து மணித் தேத்தண்ணிக்கு ஒரு கிரீம் பிஸ்கட்டை எடுத்தேன். அது கணக்கில் வராது. பிஸ்கட் நன்றாக இனித்தது. ஆக, என் நாக்கில் கோளாறில்லை. கோளாறு மஸ்கட்டில்.

செவ்வாய்க்கிழமை மாற்றிப் பார்ப்போம் என்று தொதல் வாங்கினேன். சப்பாத்துக்கு அடியில் ஒட்டும் பசை மாதிரி இருந்தது. பத்து மணிக்குப் பிஸ்கட் வழக்கம்போல் இனித்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சாமான் விலை ஏறிக்கிடக்கிறது. மனிதர் சீனியில் கை வைத்துவிட்டார்.

நான் வீட்டுக்குத் தெரியாமல் தின்பவன். அதில் எனக்குக் கூச்சமே வரவில்லை. என்னை ஒருவர் ஏமாற்றுகிறார் என்றதும் இரத்தம் கொதித்தது. இரவெல்லாம் வசனம் தயாரித்தேன்.

புதன்கிழமை காலை கடையில் நல்ல கூட்டம். பாடசாலை வான் ஓட்டுபவர் ஒருவர், வெள்ளைச் சேலையில் ஒரு டீச்சர், இன்னும் நாலைந்து பேர். சாட்சிகள் இருப்பது நல்லதென்று நினைத்தேன். மஸ்கட் துண்டை வாங்கி அங்கேயே வாயில் போட்டேன். மெழுகுவர்த்தி.

"நானா, ஒரு விசயம் கேக்கணும்."

"செல்லுங்க அண்ணே." அவர் வாயில் 'சொல்' எப்போதும் 'செல்'தான்.

"இதுல சீனி எங்க?"

நஸீம் நானாவுக்கு விளங்கவில்லை. "உள்ளுக்குத்தான் ஈக்கி."

"உள்ளுக்கு இல்ல. மூணு நாளாப் பாக்குறேன். சீனி வெல ஏறினா வெலய ஏத்துங்க. இல்லாட்டித் துண்டச் சின்னதா வெட்டுங்க. சீனி போடாம விக்கிறது என்னா நாயம்? சனங்களுக்கு நாக்கு இல்லன்னு நெனச்சீங்களா?"

டீச்சர் நீட்டிய காசைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தார். நஸீம் நானாவின் முகம் கறுத்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. தட்டை அப்படியே தூக்கிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.

"அண்ணே, எங்கட வாப்பா காலத்துல இருந்து இந்தக் கடையில யாரும் அப்படிச் செல்லல்ல. நீங்க தெரிஞ்ச மனுசன். சும்மா செல்ல மாட்டீங்க. எங்கேயோ பிழ நடந்தீக்கி. இந்தத் தட்ட நான் இனி விக்க மாட்டேன்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஸுமைரா, கொஞ்சம் வாங்க."

அவர் மனைவி ஸுமைரா அகப்பையோடு வந்தார். மஸ்கட் கிண்டுவது அவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டார். நஸீம் நானா ஒரு துண்டு. வான்காரருக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று. எல்லார் தாடையும் அசைந்தது. நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

"நல்லாத்தானே இனிக்குது," என்றார் வான்காரர்.

"எனக்குக் கொஞ்சம் இனிப்புக் கூட," என்றார் டீச்சர்.

அந்த இடத்தில் ஒரு புத்திசாலி வாயை மூடியிருப்பான். நான் வாயைத் திறந்தேன். "முகத்துக்காகச் சொல்லாதீங்க டீச்சர்," என்றேன்.

ஸுமைரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, காலைக்கி என்னா குடிச்சிட்டு வந்தீங்க?"

"இலைக்கஞ்சி."

"எலைய மென்னீங்களா?"

"ரெண்டு இலை."

"பேரு?"

"வீட்டுல சொல்லல."

அவர் உள்ளே போய் ஒரு கரண்டி நிறையச் சீனியைக் கொண்டுவந்தார். மஸ்கட் இல்லை, தொதல் இல்லை. வெறும் வெள்ளைச் சீனி. "வாயத் தொறங்க," என்றார். திறந்தேன். கொட்டினார்.

மகாவலி ஆற்று மணல். பல்லுக்கிடையில் நறநறவென்றது. அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"சிறுகுறிஞ்சா," என்றார் ஸுமைரா. "அத மென்டா ஒரு மணித்தியாலத்துக்கு நாக்குக்கு இனிப்புத் தெரியா. எங்கட வீட்டுக்குள்ள அந்த எல வரவே ஏலா. ஒருக்கா இவரு சீனி வருத்தத்துக்கெண்டு அத மென்டுட்டுப் பாகு ருசி பாத்தாரு. காணாது காணாது எண்டு சீனியக் கொட்டிக்கிட்டே இருந்தாரு. அந்தச் சட்டியக் கழுவ ரெண்டு நாள் போச்சு."

முதலில் சிரித்தது வான்காரர். பிறகு டீச்சர். பிறகு தெருவே சிரித்த மாதிரி எனக்குக் கேட்டது. நஸீம் நானா மட்டும் சிரிக்கவில்லை. தட்டைத் தூக்கித் திரும்பவும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு நேர்மையான மனிதரை, அவர் கடையில் வைத்தே, நான் கள்ளன் ஆக்கியிருந்தேன். கள்ளன் நான்.

"நானா, மன்னிச்சிக்கங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பரவால்ல அண்ணே. எலை செஞ்ச வேல, நீங்க என்ன செய்ய?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "சீனி வருத்தம் எண்டு நீங்க ஒரு நாளும் செல்லல்லியே. தெரிஞ்சா நான் தந்தீக்க மாட்டேன். அக்காவுக்குத் தெரியுமா நீங்க இங்க வாறது?"

நான் மஸ்கட்டைப் பார்த்தேன். மஸ்கட்டுக்கும் பதில் தெரியவில்லை.

"நானாப் போய்ச் செல்ல மாட்டேன். ஆனா அக்கா வந்து கேட்டா எனக்குப் பொய் செல்ல ஏலா. இனி இங்கால வராதீங்க. கோவத்துல செல்லல்ல."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்குக் கந்தோரில் பத்து மணிப் பிஸ்கட்டைத் தொடவில்லை. சாயங்காலம் சுற்றுவழியாக வீட்டுக்கு வந்தேன். வழி நெடுக ஒரே யோசனை. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் இலையைக் கொடுத்தாளா? ஒருவேளை வெறும் மருந்தாகத்தான் கொடுத்தாளோ? தெரியாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தால் நானே முந்திக்கொள்வது உத்தமம். கட்டுக்கலை மேடு ஏறும்போது வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

நிரஞ்சனி இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். தன் கோப்பையைத் தூக்கினாள். அந்த முதல் மடக்குக்கு அவள் முகம் இன்னும் பழகவில்லை. லேசாகச் சுருங்கியது. நாக்கைக் கன்னத்துப் பக்கம் கொண்டுபோய், அங்கே ஒன்றுமில்லை என்று திரும்ப எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சீனி வருத்தம் இல்லை. அவள் விட வேண்டிய அவசியமே இல்லை. எனக்காக விட்டிருந்தாள்.

என் முடிவு அங்கேயே உடைந்தது.

"நிரு, நான் திருட்டுத்தனமா மஸ்கட் தின்னேன்."

அவள் இன்னொரு மடக்குக் குடித்தாள். "எத்தன நாள்?"

"பதினாறு."

"நான் பத்துன்னு நெனச்சேன்."

ஆறு நாளை நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"எப்படித் தெரியும்?"

"சட்டப் பையில நெய் வாசம். உங்க கந்தோர்க் கதவு நெய்யிலயா சுத்துது?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா இன்னொரு கதவு சொல்லுவீங்க."

நஸீம் நானா கடையில் நடந்ததையும் சொன்னேன். சீனிக் கரண்டி வரைக்கும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "அந்த மனுசன் மொகத்த நான் எப்படிப் பாப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். ஊசியே மேல் என்று அப்போது தோன்றியது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளே பேசினாள். "ஆசைய ஒரேயடியா அடக்கச் சொன்னதும் தப்புதான். நாளையிலருந்து நானே கிண்டித் தாரேன். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. ஒளிச்சுத் திங்க வேணாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தியையா ஏமாற்றினேன்?

மறுநாள் காலை இரண்டு இலை, ஒரு கிளாஸ் கஞ்சி. அதன் பிறகு ஒரு சின்னத் தட்டில், சாய்சதுரமாக வெட்டிய ஒரு துண்டு. தொதல் மாதிரிக் கறுப்பாக, பளபளப்பாக, மேலே ஒரு முந்திரி. ஏலக்காய் வாசம் வீடு முழுக்க. வாயில் போட்டேன். வழக்கம்போல் பசை.

"இத டிபன் பொட்டியில வச்சுத் தாயேன். பத்து மணிக்குத் திங்கிறேன்," என்றேன். பத்து மணிக்கு என் நாக்கு திரும்பி வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

"என் கண்ணு முன்னால தின்னுட்டுப் போங்க. உங்களத் தனியா விட்டுப் பாத்தாச்சு."

தண்டனை பெற்றவன் என்ன வாதாட முடியும்? நாக்குக்குத் தெரியாவிட்டால் என்ன, வயிற்றுக்குள் இனிப்புப் போகிறதே என்று தேற்றிக்கொண்டேன். தினமும் ஒரு துண்டு. ஒரு துண்டு அவளுக்கும் எடுத்து நீட்டினால், "எனக்கு வேணாம், நான் விட்டுட்டேன்," என்பாள். ஒருநாள் உணர்ச்சிவசப்பட்டு, "நாக்கு செத்தாலும் மனசுக்கு இனிக்குது நிரு," என்று சொல்லிவிட்டேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். இந்த வயதிலும் வெட்கப்படுகிறாளே என்று நினைத்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. திரும்பவும் இரத்தம், திரும்பவும் கடதாசி. இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. தினமும் இனிப்புத் தின்றவனுக்கு ஊசி நிச்சயம். டொக்டர் கிருஷாந்தி கடதாசியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கு. ஊசி தேவையில்லை. மாத்திரையை மட்டும் தொடருங்கோ. என்ன செய்தனீங்கள்?"

இத்தனை வாரமாகக் குனிந்திருந்த என் தலை அப்போதுதான் நிமிர்ந்தது. ஊசி இல்லை. அதோடு மூளைக்குள் ஒரு விளக்கும் எரிந்தது. தினமும் தொதல் தின்றும் சீனி இறங்கியிருக்கிறது என்றால், இனி எதற்காகக் கட்டுப்பாடு? நஸீம் நானாவிடம் தலை நிமிர்ந்து போகலாம். டொக்டர் சொன்னார் என்று சொல்லலாம்.

"டொக்டர், உண்மையச் சொல்லிர்றேன். நான் இனிப்ப விடவே இல்ல. தினமும் காலையில ஒரு துண்டு தொதல். என் சம்சாரமே செஞ்சு குடுத்தது. அப்பிடியும் எறங்கியிருக்குன்னா, என் ஒடம்புக்கு இனிப்பு ஒத்துக்குதுன்னுதானே அர்த்தம்? இனிமே கடையிலயும் கொஞ்சம் வாங்கித் தின்னலாமுங்களா?"

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு நிரஞ்சனியைப் பார்த்தார். "இவருக்குத் தொதல் குடுத்தனீங்களோ?"

நிரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது தொதல் இல்லிங்க டொக்டர். வெறும் குரக்கன் மாவுக் களி. ஏலக்கா தட்டிப் போட்டுத் துண்டு வெட்டுனேன். ஒரு பொட்டு சீனி போடல. எல மென்ன வாய்க்கு எதக் குடுத்தாலும் ஒண்ணுதானே?"

எனக்குக் காதுக்குள் மறுபடி மணி அடிக்க ஆரம்பித்தது.

"உப்புப் போட்டாக் கண்டுபுடிச்சிருவாருன்னு அதையும் போடல."